வேன் அக்காவின் போல்ட்டுகள்

எங்கள் பள்ளி வேன் ஹார்ன் அடித்து நான் கேட்டதில்லை. அடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவுப் பையில் கிடந்த இரும்பு போல்ட்டுகள் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் குலுங்கும். யாரோ உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதுபோல் இருக்கும். சுங்கை பினாங்கு அடுக்குமாடியில், எங்கள் மூன்றாவது மாடி வரை அந்தச் சத்தம் ஏறிவந்த பிறகுதான் நான் இரண்டாவது சடைக்கு ரிப்பன் கட்டத் தொடங்குவேன். நான் கீழே இறங்கும்போது வேனும் வந்து நிற்கும்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர் வேன் அக்கா. அவரைவிட மூத்தவரான என் அம்மாவுக்கு வேன்காரி. எங்கள் வரிசையிலேயே கடைசி வீடு அவருடையது; காலையில் மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடைசியாகத்தான் எங்கள் கட்டடத்துக்குத் திரும்புவார். குள்ளமான உருவம், தலையில் எப்போதும் கொஞ்சம் பூ, உடம்பில் கணவரின் பழைய டீ-சட்டை. கையில் வளையல் கிடையாது. ஆசை இல்லாமல் இல்லை; அந்த மணிக்கட்டுக்கு ஏறுகிற அளவில் லிட்டில் இந்தியாக் கடைகளில் வளையல் கிடைக்கவில்லை. "எனக்கு வளையல் வேணும்னா ஸ்டியரிங்கத்தான் கழட்டி மாட்டிக்கணும்" என்பார்.

அந்தக் கைகளால் அவர் போல்ட்டுகளை வளைப்பார். பிடிகருவியோ சுத்தியோ கிடையாது. கணவரின் கிழிந்த ஜீன்ஸைப் பட்டை பட்டையாக வெட்டி வைத்திருந்தார். போல்ட்டின் இரண்டு முனைகளிலும் அதை இறுகச் சுற்றிக்கொள்வார். மோவாய்க்குக் கீழே பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் கீழ்நோக்கி அழுத்துவார். முதலில் எதுவுமே நடக்காது. அக்காவின் கழுத்து நரம்பு எழும்பும், தலைப்பூ நடுங்கும், வேனுக்குள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். பிறகு நடுவில் ஒரு சின்ன வளைவு விழும். விழுந்துவிட்டால் நிறுத்தக் கூடாது என்பார். வளைகிற இடம் சூடாகும். அது ஆறுவதற்குள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெருக்கி, இரண்டு முனையும் பக்கத்தில் வரும்வரை மடக்கிவிட வேண்டும். லாடம் மாதிரி ஆனதை எங்களிடம் நீட்டுவார். தொட்டுப் பார்த்தால் சுடும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். எங்களிடம், சின்ன வயதில் ஒரு பேய் வந்து கையை முறுக்கியது, திருப்பி முறுக்குவதற்காகப் பழகினேன் என்றார். அம்மாவிடம், கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் வளைப்பதைப் பார்த்தேன், அவனுக்கும் ரெண்டு கைதானே என்றார். வேன் பழுதுபார்ப்பவர் கேட்டபோது, "பில்லு ஜாஸ்தி போட்டா ஒனக்குத் தெரியும்" என்றார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வளைப்பதைவிட, வளைப்பதற்கு ஏற்ற போல்ட்டைத் தேடுவதுதான் அவருக்குப் பெரிய வேலை. பள்ளி முடிந்து திரும்பும்போது வாரத்தில் ஒரு நாளாவது வேன் பாதை மாறும். பிராங்கின் சாலைப் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடை முன்னால் நிறுத்தி, "அஞ்சு நிமிசம். யாரும் எறங்கப்படாது" என்று சொல்லிவிட்டு இறங்குவார். நாங்கள் அத்தனை பேரும் இறங்குவோம்.

கடையின் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, பனியனோடு உட்கார்ந்திருப்பார். அக்கா பெட்டிக்குள் கையைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். உடல் முழுக்க மரை ஓடுவது வேண்டாம். அது மரையின் பள்ளத்திலேயே மடங்கும், கையையும் அறுக்கும். நடுப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும், மரை நுனியில் மட்டும். எட்டு மில்லி கனம், ஏழு இஞ்சு நீளம். குட்டையானால் பிடி போதாது, நீண்டால் யார் வேண்டுமானாலும் வளைப்பார்கள். பிறகு போல்ட்டின் தலையைத் திருப்பி, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பார். நான்கு புள்ளி எட்டு என்றால் மெது இரும்பு. எட்டு புள்ளி எட்டு என்றால் கெட்டி. பன்னிரண்டு புள்ளி ஒன்பதைக் கையில்கூட எடுக்க மாட்டார்.

"ஏன்க்கா, அதுதானே ரொம்ப ஸ்ட்ராங்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வளையாது, ஒடையும். ஒடைஞ்சா மூஞ்சியில அடிக்கும். எனக்கு வளையக் கூடியதா இருக்கணும், ஆனா வளைய மாட்டேன்னு அடம் பிடிக்கணும்."

முதல் தடவை அவர் வளைத்த போல்ட்டைக் கொண்டுபோய்த் தவுக்கேயின் கண்ணாடி மேசைமேல் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தவுக்கே, இது ரொம்ப மெது. வேற குடுங்க."

தவுக்கே அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பினாங்கில் பழைய சீனக் கடைக்காரர்கள் பேசுகிற தமிழில், "யாரு பண்ணது? லோரி ஏறுச்சா?" என்றார்.

"நான்தான். கையால."

"தங்காச்சி, எல்லாரும் போல்ட்டு வளையாம இருக்க வாங்குது. நீ வளைக்க வாங்குது. வளைஞ்சா கம்ப்ளேன் வேற பண்ணுது!" அவர் உண்மையாகவே புண்பட்டுப்போனார். அடுத்த வாரம் கேட்காமலேயே ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். "இது நல்ல பாராங், அசல் சாமான். கப்பலைக்கூட பிடிக்கும். நீ பிடிச்சுப் பாரு." அக்கா வளைத்துக் கொண்டுவந்தார். அப்படியே அவர்களுக்குள் ஒரு போட்டி வளர்ந்தது. வளைந்தவற்றைத் தவுக்கே எறியவில்லை. சுவரில் அடித்து, கம்பிச் சுருள்களைத் தொங்கவிடும் கொக்கிகளாக்கிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதுவரைகூடப் போகவில்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்து ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். விரிவுரை மண்டபத்தில் போல்ட்டுத் தலையின் எண்களுக்கு விளக்கம் கேட்டபோது முதலில் உயர்ந்த கை என்னுடையது. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே படித்தாய் என்றார் விரிவுரையாளர். "ஸ்கூல் வேன்ல சார்" என்றேன்.

அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தனக்காக யாரும் எதையும் லேசாக்கிக் கொடுப்பதை அவரால் ஏற்க முடியாது. பாலேக் பூலாவ் தோட்டங்களில் டுரியான் பழுக்கும் பருவத்தில், எல்லாரும் சுளை எடுத்துப் பெட்டியில் அடைத்ததை வாங்கிவருவார்கள். அக்கா முள்ளோடு முழுப் பழத்தை வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து தானே பிளப்பார். கணவர் பிளந்து வைத்த பழத்தைத் தொடக்கூட மாட்டார். "தொறந்து வெச்சத யார் திம்பா?" மின்தூக்கி பழுதான நாட்களில் எரிவாயு உருளையைத் தோளில் வைத்து ஏறுவார். உதவிக்கு வரும் இளைஞர்களிடம், "தம்பி, வழிய வுடு. அதான் ஒதவி" என்பார்.

இதில் அதிகம் அடிபட்டவர் அவர் கணவர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டியவர், காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்புவார். சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கும் மனிதர். மனைவியின் மணிக்கட்டு வீங்கியிருந்தால் தைலக் குப்பியோடு வந்து பக்கத்தில் நிற்பார். அக்கா குப்பியை வாங்கித் தானே தேய்த்துக்கொள்வார். அவர் குப்பியின் மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓர் உடற்பயிற்சி அறை உண்டு. யாரோ கொடுத்த எடைகள், ஒரு சாய்வுப் பலகை, ஒரு பெரிய கண்ணாடி. அதன் சாவி குடியிருப்பாளர் சங்கத் தலைவரிடம் இருந்தது. இளைஞர்கள் மட்டும் போய்வந்தார்கள். அம்மாவும் இன்னும் சில பெண்களும் மாலையில் தங்களுக்கும் நேரம் வேண்டும் என்று பலமுறை கேட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து அம்மாவின் தோள் இறுகிப்போயிருந்தது. கிளினிக்கில் பளு தூக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். சங்கக் கூட்டத்திற்கு அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "உள்ள எல்லாம் இரும்புலா, தங்கச்சி. லேடீஸுக்கு ஸும்பா ஆட கார் பார்க் இருக்கே" என்றார். ஆண்கள் சிரித்தார்கள்.

வேன் அக்கா எழுந்து போய், கைப்பையிலிருந்து ஒரு வளைந்த போல்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இத நிமித்துங்கண்ணே, பாப்போம்."

தலைவர் முயன்றார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் முயன்றுவிட்டு, "மரை கழண்ட கேசு இது" என்று முணுமுணுத்தார்.

"இது மெது போல்ட்டு. பொங்கல் விழாவுல எல்லார் முன்னாலயும் எட்டெட்டு வளைக்கிறேன். வளைச்சா சாவி குடுப்பீங்களா?"

"வளைச்சா சாவி ஒனக்குத்தான்!"

அதோடு விட்டிருக்கலாம். அக்கா தானாகவே இன்னொன்றைச் சேர்த்தார். "வளையலன்னா கேக்க மாட்டேன்."

அம்மா என் கையை நெரித்தார்.

அதுவரை அக்கா எட்டெட்டு போல்ட்டை, அதாவது எட்டு புள்ளி எட்டு பொறித்ததை, முழுதாக வளைத்ததில்லை. பாதி வரை கொண்டுபோயிருந்தார், அவ்வளவுதான். தலைவரையே தவுக்கே கடைக்கு அழைத்துப்போய், அவர் கண்முன்னால் ஒன்றைப் பொறுக்கினார். அதைச் சாமி மேடையில் வைத்துக் குங்குமம் இட்டார். பெண்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள்.

பொங்கலன்று கார் பார்க்கில் பானைகள் பொங்கி முடிந்தன. உறியடி முடிந்தது. கயிறு இழுக்கும் போட்டியும் முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறினார். தலைவர் போல்ட்டின் தலையைப் பார்த்து, "எட்டு புள்ளி எட்டு, சரியா இருக்கு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அக்கா ஜீன்ஸ் பட்டையைச் சுற்றினார். மோவாய்க்குக் கீழே பிடித்தார். அழுத்தினார்.

உடனே வளைந்தது.

கூட்டம் எழும்பிக் கத்தியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். ஆனால் மேடையில் அக்கா நிறுத்திவிட்டார். பட்டையைப் பிரித்தார். போல்ட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடினார். அவர் கணவர் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனைவி எல்லார் முன்னாலும் தோற்றுப்போவதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. முந்தின நாள் போல்ட்டைச் சாமி மேடையிலிருந்து எடுத்து, ஜுருவில் நண்பர் வேலை செய்த பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். சிவக்கச் சுட்டு, சாம்பலுக்குள் மெல்ல ஆறவிட்டால் எந்த எட்டெட்டும் மெதுவாகிவிடும். தலையில் பொறித்த எண் மட்டும் அழியாது. கறுத்துப்போனதன்மேல் வெள்ளிப் பூச்சு தெளித்து, மறக்காமல் குங்குமமும் வைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அக்கா ஒலிபெருக்கியை வாங்கினார். "இது தப்பான போல்ட்டு. நான்தான் மாத்தி எடுத்தாந்துட்டேன். கொஞ்சம் இருங்க."

"அடியே, அதான் வளைஞ்சிருச்சே! முடி!" என்று கத்தியது என் அம்மா.

அக்கா இறங்கி வேனுக்குப் போய், கதவுப் பையிலிருந்து இன்னொரு எட்டெட்டை எடுத்துவந்தார். தலைவர் எண்ணைப் பார்த்தார். அக்கா அழுத்தினார். பூ நடுங்கியது. முகம் இருண்டது. போல்ட்டு கொஞ்சம் வளைந்து, சற்றே மடக்கிய முழங்கை அளவில் நின்றுவிட்டது. மறுபடியும் அழுத்தினார். நின்ற இடத்தைவிட்டு அது அசையவில்லை. உள்ளங்கையிலிருந்து ரத்தம் பட்டையில் ஊறியது.

"இவ்ளோதான்" என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

தலைவர் பின்னாலேயே இறங்கி வந்தார். மனம் இளகிவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. "இவ்ளோ வளைச்சதே பெருசுலா, தங்கச்சி. இந்தா சாவி."

"வேணாம்ண்ணே. வளையலன்னா கேக்க மாட்டேன்னேன்."

"நீ எங்க கேட்ட? நானாக் குடுக்கறேன்."

"அதுதான் வேணாம்."

பெண்களுக்கு வந்த கோபத்தை நான் மறக்க முடியாது. அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்திருந்தவர்கள். "இவ ரோசத்துக்கு நாம வெளிய நிக்கணுமா?" என்றார் ஒருவர். "முட்டை வாங்கிக் குடுத்தோமே!" என்றார் இன்னொருவர். அக்கா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையோடு தலைவர் நின்றார். அம்மா முன்னால் போய் அந்தச் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"கேட்டது இவ மட்டுமா? இவ பந்தயம் கட்டறதுக்கு முன்னாடியே நான் கேட்டேன். என் தோள்பட்டை வலிக்கு எந்த போல்ட்டும் வளைய வேணாம்."

அக்கா அம்மாவைப் பார்த்தார். அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்தேன். அக்கா சிரித்தார். "எடுத்துக்குங்கக்கா. அது ஒங்க சாவி. எனக்கு இன்னும் வரல."

அன்று மாலை அவர் வீட்டில் சண்டை வெடிக்கும் என்று எங்கள் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது இவ்வளவுதான்.

"எந்தப் பட்டற?"

அவர் ஏதோ சொன்னார்.

"நல்லாத்தான் சுட்டிருக்கான்" என்றார் அக்கா. பிறகு சட்டி கழுவும் சத்தம்.

அறை செவ்வாயும் வியாழனும் பெண்களுக்கானது. அம்மா தலைமையில் ஒரு கூட்டமே சேர்ந்தது. வேன் அக்கா மட்டும் வரவில்லை. ஆனால் எங்கும் போகவும் இல்லை. அறைக்கு வெளியே, கடிதப் பெட்டிகளுக்கு அருகில் நின்று போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கொஞ்சம் தள்ளி வேன் படிக்கட்டில் அவர் கணவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருந்தவர்களுக்கு அது உறுத்தியது. சிலர் திமிர் என்றார்கள். சிலர் கதவைச் சாத்தச் சொன்னார்கள். அம்மா சாத்த விடவில்லை. அவ்வப்போது வாசலுக்கு வந்து, "உள்ள வா லா, வேன்காரி. கண்ணாடியெல்லாம் இருக்கு" என்பார். "இன்னும் இல்லக்கா" என்று பதில் வரும். நானும் அப்போது அவரைப் புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பிடிவாதம் எதற்கு, யாருக்காக என்று தோன்றும். சொன்ன சொல்லை மற்ற எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

இப்போது அக்கா சிம்பாங் அம்பாட்டில், தரை வீட்டில் இருக்கிறார். வேனை விற்றுவிட்டார். நான் வேலையில் ஒரு போல்ட்டை இழுவிசைச் சோதனைக்கு மாட்டும்போதெல்லாம், அது முறிவதற்குள் என் கையும் மோவாய்க்குக் கீழே போய்விட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

அறைக்கு வெளியே அவர் மல்லுக்கட்டிய அந்த நாட்களில், ஒரு மழை நாள், வியாழக்கிழமை. நான் படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் தோள்கள் சட்டென்று முன்னால் சரிந்ததைத்தான் பார்த்தேன். வழுக்கிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. கைகள் இரண்டும் நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் நிறுத்தவில்லை. நெஞ்சோடு அணைத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். பட்டையைப் பிரித்தபோது லாடம். திருப்பித் தலையைப் பார்த்தார். எட்டு புள்ளி எட்டு. வேன் படிக்கட்டிலிருந்து அவர் கணவர் எழுந்து நின்றார். அக்கா அதை அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெண்கள் எல்லாரும் எடைகளைக் கீழே வைத்தார்கள். போல்ட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் கணவரும் வாசல்வரை வந்துவிட்டார்.

"பொம்பளைங்க நேரம்லா இது! வெளிய நில்லுங்க!" என்று அம்மா அதட்டினார். அவர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்.

அக்கா சாய்வுப் பலகையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்து மூடியைத் திருகினார். விரல்கள் மடங்கவில்லை. மறுபடியும் திருகினார். பாட்டில் நழுவி மடியில் விழுந்தது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைத் தெரியும் என்பதால் ஒருவரும் கிட்டப் போகவில்லை. பல்லால் கடிக்கப் போனார். நிறுத்தினார். பாட்டிலை அம்மா பக்கம் நீட்டினார்.

"தொறந்து குடுங்கக்கா."

அம்மா வாங்கித் திறந்தார். அக்காவின் கைகளைப் பார்த்தார். பாட்டிலைக் கையில் கொடுக்காமல் உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்தார். அக்கா தலையை அண்ணாந்து, வேண்டாம் என்று சொல்லாமல், தண்ணீர் தீரும்வரை குடித்தார்.